செய்யுளியல் உறுப்புகளும் கவிதை கற்பித்தலும்: ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ வழி ஒரு பார்வை

எந்தக் கவிதையையும் அணுக மாணவர்க்கு ஒரு முறை தேவை என்பது ஆசிரியர் பலரின் கருத்து. பள்ளிகளில் இப்போது பெரிதும் கற்பிக்கப்படுவன இலக்கணக் குறிப்பு, பகுபத உறுப்பிலக்கணம், அணி, திணை ஆகியவை. இவை சொல்லைப் பிரித்துக் காட்டும். கவிதையைத் திறந்து காட்டுவதில்லை. கடற்கரைப் பாடல் என்றால் ‘நெய்தல், இரங்கல்’ என்று எழுதி மாணவர் மதிப்பெண் பெற்றுவிடுகிறார்.

தொல்காப்பியம் தரும் முறை

தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளுக்கு 34 உறுப்புகளைக் கூறுகிறது. மாத்திரை முதலியன ஓசையையும் வடிவையும் சார்ந்தவை. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் போன்றவை பொருளைச் சார்ந்தவை. இவற்றைக் கேள்விகளாக மாற்றினால் வகுப்பறைக்கு உகந்த முறை கிடைக்கும்: பேசுவது யார்? யாரிடம்? எங்கே, எப்போது? எதற்காக? எந்த உணர்வு, எந்தச் சொல்லில் வெளிப்படுகிறது? சொல்லாமல் விடப்பட்டது எது?

எண்ணூரில் ஒரு சோதனை

பாடநூலில் இல்லாத பாடலுக்கும் பயன்பட்டால்தான் அது முறை. 2017 சனவரியில் வெளிவந்த ‘சென்னை பொறம்போக்கு பாடல்’ அதற்கு ஏற்றது. கபேர் வாசுகி எழுதியதை டி. எம். கிருஷ்ணா கருநாடக இசையில் பாடினார். கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் ஆக்கிரமிப்பாலும் அனல் மின் நிலையச் சாம்பலாலும் அழிவதே அதன் பின்னணி.

திணை நெய்தல்தான். ஆனால் கருப்பொருள் பட்டியலில் உள்ள புன்னையும் தாழையும் இருந்த இடத்தில் குழாயும் சாம்பலும் உள்ளன. பட்டியல் பொருந்தவில்லை என்று மாணவர் நின்றுவிடக் கூடாது. பொருந்தாமையே பாடலின் பொருள்.

மெய்ப்பாட்டைத் தேடினால், வசைச்சொல்லாகிவிட்ட ‘பொறம்போக்கு’ கண்ணில் படும். அனைவருக்கும் பொதுவான நிலம் என்னும் பழம்பொருளைப் பாடல் அச்சொல்லுக்கு மீட்டுத் தருகிறது. இறுதியில் பாடுபவரே அப்பெயரை ஏற்கிறார். இளிவரல் பெருமிதமாகிறது. இடையில் எள்ளலால் பிறக்கும் நகையும், குடிகளை நலிவதால் பிறக்கும் வெகுளியும் உண்டு. உணர்வின் பெயரைச் சொல்வது எளிது. அது மாறும் இடத்தைச் சொல்லால் காட்டுவதே பகுப்பாய்வு.

பேச்சுமொழியில் இருப்பதால் இது இலக்கியம் அன்று எனச் சிலர் ஒதுக்கலாம். சேரி மொழியில், தேடாமல் பொருள் விளங்கும்படி அமைவதைத் தொல்காப்பியம் ‘புலன்’ என்னும் வனப்பாகவே கொள்கிறது. சென்னைத் தமிழ் பேசும் மாணவர்க்கு இச்செய்தி முக்கியமானது.

முறை காட்டும் குறை

நல்ல முறை பாராட்ட மட்டும் உதவாது. இப்பாடலின் கூற்று யாருடையது? பேசுவது நகரவாசியின் குரல், கேட்போரும் நகரத்தாரே. கழிமுகத்தில் இறால் பிடிப்பவர் பேசப்படுகிறார், பேசவில்லை. இது பாடலின் நோக்கத்துக்கு உரிய தேர்வு எனலாம். அதன் எல்லை என்றும் சொல்லலாம். எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ படிக்கும் மாணவர், தலைநகர மாணவர் காணாத இந்த எச்சத்தைக் காணக்கூடும்.

மதிப்பீடு

ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜ் மாணவர்க்குக் கவிஞர் பெயரை மறைத்துக் கவிதைகளைக் கொடுத்து, அவர்கள் வாசிப்பில் நேர்ந்த பிழைகளை 1929-இல் நூலாக்கினார். வெளித்தகவலை நம்பாமல் சொல்லை நம்பச் செய்தது அதன் பயன். ஆனால் எண்ணூர்ப் பாடலில் களனை மறைத்தால் பாதிப் பொருள் போய்விடும். செய்யுளியல் களனையும் கேட்போரையும் செய்யுளின் உறுப்பாகவே எண்ணுவது இங்குக் கைகொடுக்கிறது.

34 உறுப்புகளையும் மனப்பாடம் செய்யவைத்தால் இதுவும் இன்னொரு வாய்பாடாகிவிடும். ஒரு கவிதைக்கு நான்கைந்து கேள்விகள் போதும். ஒவ்வொரு விடைக்கும் பாடலிலிருந்தே ஒரு சொல்லைச் சான்றாகக் காட்டச் சொல்வதும், கேள்விக்கு விடை கிடைக்காத இடத்தைக் குறித்து வைக்கச் சொல்வதும் ஆசிரியர் கடமை. கவிதை தொடங்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.