வட்டச் சுவருக்குள் ஒரு காபி

காபிக் கடைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காபியைப் பற்றியே எழுதுகிறார்கள். டிகாக்ஷன் எப்படி இறங்கியிருக்கிறது, சிக்கரி எவ்வளவு, பால் எப்படி என்பதிலேயே அவர்களுடைய ரசனை தீர்ந்துபோகிறது. எந்த ஆசனத்தில் உட்கார்ந்து குடித்தோம், முதுகுக்குப் பின்னால் சுவர் இருந்ததா, கண்ணெதிரே தெரு இருந்ததா கல்லா இருந்ததா என்பதெல்லாம் அவர்களுக்கு ஒரு விஷயமாகவே படுவதில்லை. ஒரு கடையின் குணத்தில் பாதியைத்தான் காபி நிர்ணயிக்கிறது என்பது என் அபிப்பிராயம். மீதிப் பாதி கொத்தனாரும் தச்சனும் செய்கிற காரியம்.

நம் ஹோட்டல்களின் சரித்திரமே இதற்குச் சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னை ராஜதானியின் காபி கிளப்புகள் பலவற்றில் பிராமணர்களுக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம். தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு உள்ளே இடமே கிடையாது. அந்தக் கடைகளின் உள்ளமைப்பில் முக்கியமானது சலவைக்கல் மேஜையும் அல்ல, நிலைக்கண்ணாடியும் அல்ல. நடுவில் நின்ற தடுப்புத்தான். அதை வைத்த ஆசாமி கட்டடக் கலை படித்தவனல்ல. ஆனாலும் கடையின் சூழ்நிலையை அவனைப் போல் முழுக்க நிர்ணயித்தவர் வேறு யார்? 1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஜாதியைக் காட்டி ஆளைத் தடுப்பதை விலக்கிவிட்டது. தடுப்புப் போயிற்று. பிரித்து உட்கார வைக்கிற ஆசை மட்டும் போகவில்லை. இப்போது கண்ணாடிக் கதவு போட்டு ஏ.ஸி. அறை என்கிறார்கள், அதே சமையலறையிலிருந்து வருகிற அதே இட்லிக்கு அங்கே விலை வேறு.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள இந்தியன் காபி ஹவுஸுக்குள் நுழைய வேண்டும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செங்கல்லால் ஆன பெரிய உருளை போல நிற்கிறது. கட்டியவர் லாரி பேக்கர். 1917-ல் இங்கிலாந்தில் பர்மிங்ஹாமில் பிறந்து, கேரளத்தைத் தம் ஊராக்கிக்கொண்டு, 2007-ல் திருவனந்தபுரத்திலேயே காலமானவர். சிக்கனமாகக் கட்டுவதை ஒரு கொள்கையாகவே வைத்திருந்தவர். இந்தக் கட்டடத்தை எல்லோரும் வெளியே நின்று படம் பிடிக்கிறார்கள், அதன் விசித்திர வடிவத்தைப் புகழ்கிறார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் அல்லவா விஷயம் புரியும்!

உள்ளே மாடி என்று ஒன்றில்லை. கீழ்த்தளம் என்றும் ஒன்றில்லை. ஒரே சாய்தளம், சங்கின் உட்புறம் போலச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி, எதிரெதிரே உட்கார்கிற மாதிரி ஆசனங்களும் நடுவே மேஜையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டப்பட்டிருக்கின்றன. தரை சரிந்தாலும் டம்ளர் சரியாமல் இருக்க, அந்த இடம் மட்டும் சமதளம். சுவரில் செங்கல்களுக்கு நடுவே விட்ட துவாரங்கள் வழியாக வெளிச்சம் துண்டு துண்டாக மேஜைமேல் விழுகிறது, காற்றும் வருகிறது. ஜன்னலோர இடம் வேண்டும் என்று யாரும் யாரோடும் போட்டி போட வேண்டியதில்லை. எல்லா இடமும் ஜன்னலோரம்தான்.

இந்த அமைப்பின் பெரிய குணம், இங்கே கௌரவமான இடம் என்று எதுவும் இல்லாததுதான். மேலே இருப்பவன் அதிகக் காசு கொடுத்தவனல்ல. கீழே இடம் இல்லாததால் ஏறி வந்தவன். தனி அறை கிடையாது. ஒதுக்குவதற்கு ஒரு மூலை வேண்டுமே, வட்டத்தில் மூலைக்கு எங்கே போவது? பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூலிக்காரரும் கோர்ட்டுக்கு வந்த வக்கீலும் ஒரே அளவு ஆசனத்தில், ஒரே அளவு வெளிச்சத்தில், பீட்ரூட் சிவப்பு ஏறிய அதே மசால்தோசையைச் சாப்பிடுகிறார்கள். (அந்த பீட்ரூட் எனக்கு உடன்பாடில்லை. அது வேறு வழக்கு.) தனியாக வந்தவனுக்கு இந்தக் கடை செய்யும் உபகாரம் இன்னும் பெரியது. விசாலமான கூடத்தின் நடுவில் நாலு நாற்காலி போட்ட மேஜையில் ஒருவன் ஒற்றையாக உட்கார்ந்திருந்தால் கூடமே அவனைப் பார்க்கிற மாதிரி இருக்கும். இங்கே அவன் சுவரோடு சுவராகி விடுகிறான்.

ஆனால் இதைச் சம்பாஷணைக்கு ஏற்ற இடம் என்று சிலர் கொண்டாடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சம்பாஷணைக்கு நகரும் நாற்காலி வேண்டும். கல்கத்தாவில் காலேஜ் தெருக் காபி ஹவுஸைப் பாருங்கள். 1876-ல் ஏற்பட்ட ஆல்பர்ட் ஹாலில் 1942-ல் காபி போர்டு கடை திறந்தது. உயர்ந்த கூரை, மேலே சுற்றிலும் பால்கனி, நடுவில் மேஜைகள். நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஐந்தாவது ஆள் வந்தால் பக்கத்து மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வான். ஆறாவது, ஏழாவது ஆளுக்கும் அதே கதை. வங்காளிகள் 'அட்டா' என்று சொல்லும் அந்த முடிவில்லாத பேச்சு, இழுக்க முடிகிற நாற்காலியால் வளர்ந்தது என்று சொன்னால் அவர்கள் கோபித்துக்கொள்ளக்கூடும். ஆனாலும் அதில் உண்மை இருக்கிறது. கூரை உயரம் என்பதால் நூறு பேர் பேச்சும் ஒன்றாகக் கலந்து ஓர் இரைச்சலாகிவிடுகிறது. அந்த இரைச்சலுக்குள் எந்த ரகசியத்தையும் பேசலாம். பேக்கரின் கடையில் ஐந்தாவது ஆள் வந்தால் பேச்சே இரண்டாக உடைந்து இரண்டு மேஜைக்குப் போய்விடும். பஸ் நிலையத்துப் பக்கத்தில், கையில் அரை மணி உள்ள பிரயாணிக்குக் கட்டிய கடை என்று பார்த்தால் அது குறையே அல்ல. இலக்கியச் சங்கம் கூட்ட நினைக்கிறவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

பேக்கரின் செங்கல் துவாரத்தை இப்போது நகரத்துப் புதுக் காபிக் கடைகள் சில அலங்காரமாக எடுத்துக்கொண்டிருக்கின்றன. துவாரச் சுவர் எழுப்பி, அதற்குப் பின்னால் கண்ணாடியை இறுக மூடி, உள்ளே குளிர்சாதனத்தை ஓட்டுகிறார்கள். காற்றுக்காக ஏற்பட்ட துவாரம் காற்றே நுழையாத இடத்தில் படமாக நிற்கிறது. மெத்தை ஆசனம் 'இன்னும் கொஞ்சம் உட்கார்' என்கிறது. விலைப்பட்டியல் 'இன்னொன்று வாங்கினால்' என்கிறது.

தம்பானூர் கட்டடத்தின்மேல் எனக்குள்ள உண்மையான ஆட்சேபம் ஒன்றே. அது வாடிக்கைக்காரனை நினைத்துக் கட்டப்பட்ட அளவுக்குப் பரிமாறுகிறவனை நினைத்துக் கட்டப்படவில்லை. 1950-களில் காபி போர்டு தன் கடைகளை மூட முற்பட்டபோது, வேலையிழந்த தொழிலாளர்கள் ஏ.கே. கோபாலனின் தூண்டுதலால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாங்களே கடைகளை நடத்தத் தொடங்கினார்கள். பரிமாறுகிறவர்தான் இங்கே முதலாளி. விசிறித் தலைப்பாகையும் வெள்ளை உடுப்புமாக அவர் தட்டை ஏந்தி அந்தச் சாய்தளத்தில் ஏறுகிறார். நாம் ஒரு தடவை ஏறி ஒரு தடவை இறங்குகிறோம், அழகாக இருக்கிறது. அவர் காபிக்கு ஒரு தடவை, மறந்துபோன சர்க்கரைக்கு ஒரு தடவை, பில்லுக்கு ஒரு தடவை ஏற வேண்டும். உச்சியிலுள்ள மேஜைக்குப் போகும் வாடிக்கைக்காரர்கள் வேண்டியதை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் அவருடைய முழங்காலுக்கு நல்லது.