வடுவும் ‘ஸ்கா’ரும் ஒன்றா?

வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றித் தமிழில் வந்தவற்றைப் படிக்கும்போதெல்லாம் ஒரு விடயம் என்னை உறுத்துகிறது. எழுதுவது நம்மவர், துயரைச் சொல்லும் சொற்களோ ஆங்கில அறிக்கைகளிலிருந்து இறங்கியவை. ‘ட்ரோமா’ மனவடு ஆகிறது, ‘ஸ்கார்’ வடு ஆகிறது, ‘டிஸ்பிளேஸ்ட்’ இடம்பெயர்ந்தோர் ஆகிறது. இவற்றில் எது நமது அனுபவத்துக்குப் பொருந்துகிறது என்று நாம் கேட்டுப் பார்த்ததில்லை.

ட்ரோமா என்ற கிரேக்கச் சொல்லுக்குக் காயம் என்பதே பொருள். சத்திரசிகிச்சை வைத்தியரின் சொல்லாக இருந்தது, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மனத்துக்கும் பெயர்ந்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களின் நிலை பெரிதும் பேசப்பட்ட பின்னணியில், 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூல் ‘போஸ்ட் ட்ரோமட்டிக்’ என்ற நோய்ப்பெயரை ஏற்றது. அந்தப் பெயரிலுள்ள ‘போஸ்ட்’ கவனிக்கத் தக்கது. நிகழ்ந்தது முடிந்துவிட்டது, மிஞ்சியிருப்பது அதன் பின்விளைவு என்று அது எடுத்துக்கொள்கிறது. சிப்பாய் வீடு திரும்பிவிட்டான். வீடே திரும்பாதவர்களுக்கு?

‘ஸ்கார்’ என்பதிலும் இதே சிக்கல். ஆங்கிலத்தில் அது ஆறிய காயத்தின் அடையாளம். தமிழில் வடு அப்படி மட்டும் நிற்கவில்லை. 129ஆம் குறளில் வள்ளுவர் தீயால் வந்ததைப் புண் என்கிறார்; அது உள்ளே ஆறிவிடும். நாவினால் வந்ததை வடு என்கிறார், அது ஆறாது. 1886இல் குறளை ஆங்கிலமாக்கிய போப் இந்த இடத்தில் ‘ஸ்கார்’ என்று போடவில்லை. ஆறாத புண்ணைக் குறிக்கும் ‘அல்சர்’ என்ற சொல்லையே எடுத்தார். இன்று ‘ஸ்கார்’ என்பதை வடு என்று எழுதும் நாம், ஆறியதற்கும் ஆறாததற்கும் ஒரே சொல்லைப் பாவிக்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் இந்தத் துறைக்கு வழிதிறந்தவர் பேராசிரியர் தயா சோமசுந்தரம். 1998இல் வந்த அவரது ஆங்கில நூல் ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’, இலங்கைத் தமிழர் மீது போர் ஏற்படுத்திய உளத்தாக்கத்தைப் பேசியது. 2014இல் வந்தது ‘ஸ்கார்ட் கொம்யூனிட்டீஸ்’. மனங்கள் என்று தொடங்கியவர் சமூகங்கள் என்று வந்து சேர்ந்ததை நான் பெரிய நகர்வாக மதிக்கிறேன். ‘விசர்’ என்று ஒதுக்கப்படாமல் ஒரு பெண் வைத்தியரிடம் போவதற்கு இந்தச் சொற்கள் வாசல் திறந்தன. அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் இரண்டு தலைப்பிலும் ‘ஸ்கார்’ மட்டும் மாறவில்லை.

இனி ‘இடம்பெயர்ந்தோர்’. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்கள் ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டுமென விடுதலைப் புலிகளால் உத்தரவிடப்பட்டார்கள். அந்த மாதத்தில் வட மாகாணம் முழுவதிலுமிருந்து சுமார் 75,000 பேர் இவ்வாறு வெளியேற்றப்பட்டனர். பெயர்ந்தார் என்பது தன்வினை. பெயர்த்தார் என்பது பிறவினை. தன்வினையில் எழுதினால் செய்தவர் மறைந்துவிடுகிறார், சோனகத் தெரு தானாகவே எழும்பிப் புத்தளம் போனதுபோல் ஆகிவிடுகிறது. 2009இன் பின்னர் நம்மவர்கள் ‘பழைய இடம்பெயர்ந்தோர்’ என்று வேறாகப் பிரிக்கப்பட்டார்கள். துயர் நீண்டதே நம்மைப் பின்வரிசைக்குத் தள்ளும் காரணமாயிற்று.

என் சாச்சி ஒருத்தி ‘இடம்பெயர்ந்தம்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. “எங்கள எழுப்பிட்டாங்க” என்பார். குடியிருப்பவரை வீட்டை விட்டு எழுப்புவது என்பது யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஒரு முறை யாரோ படிவத்துடன் வந்து நித்திரை வருகிறதா, கெட்ட கனவு வருகிறதா என்று கேட்டுப் போனார்கள். அவர் சொன்ன பதில்: “நித்திரையெல்லாம் வருது மகன். எங்கட வளவுக்குப் போய் இருக்கத்தான் ஏலாமக் கிடக்கு.” படிவத்தில் முதல் வசனத்துக்கு ஒரு கட்டம் இருந்தது. இரண்டாவதற்கு இல்லை.

நம்மிலும் ஒரு குறை உண்டு. ‘ஸப்ர்’ செய்யுங்கள் என்று சொல்லிப் பேச வந்தவரின் வாயை அடைத்துவிடுகிறோம். யூஸுஃப் சூறாவில் யஃகூப் நபி (அலை) அழகிய பொறுமையைச் சொன்னவர்தான். கவலையால் அவரது கண்கள் வெளுத்துப்போனதையும், தம் துயரை அல்லாஹ்விடம் முறையிட்டதையும் அதே சூறாதான் கூறுகிறது. மனத்தின் சேதம் உடலில் இறங்கியதை அது மறைக்கவில்லை. மகன் எங்கே என்ற கேள்வியையும் அவர் கைவிடவில்லை. தேடி வரும்படி பிள்ளைகளை அனுப்பினார்.

ஆகவே வாய்மொழி வரலாறுகளைத் தொகுக்கும் நமது ஆய்வாளர்களிடம் எனது வேண்டுகோள் இதுதான். கலைச்சொற்களை வைத்தியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். சாட்சியத்தை எழுதும்போது சொன்னவரின் வினைச்சொல்லைத் திருத்தாதீர்கள். ‘எழுப்பினாங்க’ என்றால் அப்படியே எழுதுங்கள். யார் எழுப்பினார், எந்த வளவிலிருந்து, இப்போது அங்கே யார் இருக்கிறார் என்றும் கேட்டு எழுதுங்கள். அன்று பெரியவர்களாக இருந்தவர்கள் ஒவ்வொருவராக மௌத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு அந்தச் சொற்களும் போய்விட்டால், நமக்கு மிஞ்சுவது படிவத்தின் மொழி மட்டுமே.