ஃபிஜியின் மரவுரி

ஃபிஜித் தீவுகளின் மரபுடைகளில் கலைநயத்தால் முதலிடம் பெறத்தக்கது ‘மசி’ எனப்படும் மரவுரியே. காகித மல்பெரிச் செடியின் இளந்தண்டிலிருந்து பட்டையை உரித்து, வெளித்தோலை நீக்கி, உள்நாரை நீரில் ஊறவைத்து, மரக்கட்டையின் மேல் பரப்பி, ‘இகே’ என்னும் கொட்டாப்புளியால் பெண்கள் அடிக்க அடிக்க, குறுகிய நாரானது பல மடங்கு அகன்று மெல்லிய விரிப்பாகிறது. இகேயின் வரிப்பள்ளம் கொண்ட முகங்கள் நாரைப் பரப்ப, வழவழப்பான முகம் அந்த வரிகளின் தடத்தைச் சமன் செய்கிறது. ஊடும் பாவும் இன்றி, நாரோடு நார் கலந்தே துணியாகிவிடும் இவ்வேலையில் வட்டுலேலே, மொதே ஆகிய தீவுகளின் பெண்கள் பெயர் பெற்றவர்கள்.

கரியிலிருந்து கறுப்பும் செம்மண்ணிலிருந்து பழுப்புச் சிவப்பும் எடுத்து, வெட்டுத் தகட்டின் துளைகள் வழியே ஒற்றி ஒற்றி முக்கோணங்களையும் நட்சத்திரங்களையும் பதிப்பது ‘மசி கேசா’ எனப்படும் வகையாகும். முன்பு இலையில் வெட்டப்பட்ட அந்தத் தகடு இப்போது பழைய எக்ஸ்ரே பிலிமில் வெட்டப்படுகிறது என்பதால் கலை எவ்வகையிலும் குறைந்துவிடவில்லை. கறுப்புக்கு நடுவே வெள்ளையை எவ்வளவு விட்டுவைப்பது என்னும் கணக்கில்தான் கைத்திறன் வெளிப்படுகிறது.

ஆயினும், பழைய ஃபிஜியில் உயர்ந்த மசி என்பது பெரும்பாலும் கோலமில்லாத மசியாகவே இருந்தது. ஆண்கள் இடையில் கட்டிய ‘மாலோ’ என்னும் கச்சையின் நீளமே அவர்களின் தகுதியைக் காட்டியது. பெருந்தலைவர்களின் கச்சை முனை தரையில் புரளும். புகையூட்டிப் பழுப்பேற்றிய மசியும், தலைப்பாகையாகச் சுற்றிய மிக மெல்லிய மசியும் தலைமக்களுக்கு உரியவை. கோயிலின் உட்கூரையிலிருந்து தொங்கிய நீண்ட வெள்ளை மசி வழியாகத் தெய்வம் பூசாரியிடம் இறங்கி வரும் என்றும் நம்பினர். மசியைச் செய்த பெண்களோ பெரும்பாலும் ‘லிகு’ என்னும் நார்ப் பாவாடையையே அணிந்தனர். அதன் நீளம் மணமாகாதவள், மணமானவள், தாய் என்னும் நிலைகளைக் காட்டியது. அடித்தவள் உடுத்தவில்லை என்பது இக்கலையின் நெருடலான உண்மை.

வெஸ்லியன் மறைப்பணியாளர்கள் 1835-இல் லகேம்பா தீவில் இறங்கிய பின்னர், இடையில் சுற்றும் பருத்தித் துணியான ‘சுலு’ மதம் மாறியவரின் அடையாளமாகப் பரவியது. இன்று பைகள் வைத்துத் தைத்த ‘சுலு வகதங்கா’ அலுவலகத்துக்கும் ஆலயத்துக்கும் ஏற்ற ஆண்களின் கண்ணியமான உடை. ஃபிஜிக் காவலரின் சடங்குச் சீருடையிலும் அரம்பப் பல் போன்ற விளிம்புடைய வெள்ளைச் சுலு உண்டு. அன்றாடத்திலிருந்து விலகிய மசியோ திருமணத்தில் மணமக்களைச் சுற்றும் உடையாகவும், தலைவர் பதவியேற்பில் கையில் கட்டும் பட்டையாகவும், குலங்களுக்கிடையே சீராகவும் நிலைத்துவிட்டது.

ஃபிஜி ஏர்வேஸ் நிறுவனம் 2013-இல் மசிக் கோலங்களைத் தன் விமானங்களில் வரைந்து, அவற்றில் 15 வடிவங்களுக்கு வணிகக்குறி உரிமை கோரியபோது, அவை குலங்களின் பொதுச்சொத்து என்று எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானதே.