துக்கடா

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் தகடும் கம்பியும் அளவுக்கு வெட்டப்பட்டு லாரி ஏறிய பிறகு தரையில் மிஞ்சுவது துண்டு துக்கடா. அங்கே அதற்கும் எடை உண்டு, விலை உண்டு. உலைக்குப் போய் உருகினால் அதுவே மறுபடி கம்பி. இரும்பு வியாபாரி மிச்சத்தை அவமதிப்பதில்லை.

துண்டு, துக்கடா இரண்டும் ஒரே பொருள்தான். மராத்தியிலும் இந்தியிலும் துண்டைக் குறிக்கும் 'துக்டா' தமிழில் துக்கடா ஆனது. தமிழ்ச் சொல்லோடு அதை அடுக்கிச் சொல்லும்போது ஓர் அலட்சியமும் சேர்ந்துகொள்கிறது. இந்தச் சொல் துணையின்றித் தனியாக வழங்கும் முக்கியமான இடம் கர்னாடக இசைக் கச்சேரி. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) பெயரோடு சேர்த்துப் பேசப்படும் கச்சேரி முறையில், பெரிய கீர்த்தனையும் தனி ஆவர்த்தனமும் ராகம் தானம் பல்லவியும் முடிந்த பின் வருபவை துக்கடா. பதம், ஜாவளி, தில்லானா எல்லாம் அதில் அடக்கம்.

பதமும் ஜாவளியும் யார் காத்த சொத்து? தேவதாசி மரபுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடியும் ஆடியும் காத்தவை. ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை தனம்மாள் (1867–1938) வாசித்ததைக் கேட்கப் பெரிய வித்வான்களே போய் உட்கார்ந்தார்கள். பேத்திகள் பிருந்தாவும் முக்தாவும் அந்தப் பதங்களை நம் காலம்வரை கொண்டுவந்தார்கள். பதத்தில் பெரும்பாலும் ஒரு பெண் தன் ஆசையை, ஊடலை, கோபத்தைத் தன் வாயால் சொல்கிறாள். அவள் வாய் திறக்கும் இடத்துக்குத்தான் மேடை துண்டு என்று பெயர் வைத்தது.

தனம்மாளின் இன்னொரு பேத்தி பாலசரஸ்வதி, 1975இல் தமிழ் இசைச் சங்க மாநாட்டுத் தலைமையுரையில் நடன நிகழ்ச்சியைக் கோயிலாக உருவகித்தார். சப்தம் பெரிய மண்டபம் என்றால், பதம் வெளிப் பிராகாரம் கடந்து நுழையும் கருவறையின் குளிர்ந்த அமைதி. கச்சேரி வாசலுக்கு வெளியே தள்ளியதை அவர் கருவறையில் வைத்தார்.

துக்கடா செல்லமான பெயர்தானே, ரசிகர்கள் காத்திருந்து கேட்பதும் அதைத்தானே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் நேரம் போதாதபோது முதலில் கழிவது எது என்று பாருங்கள். செல்லப் பெயர் இருப்பதால் அந்த வெட்டு நமக்கு வலிப்பதில்லை. தமிழ்ப் பாட்டைத் துக்கடாவாக்கலாமா என்று 1940களின் தமிழிசை இயக்கம் உரக்கக் கேட்டது, நியாயமான கேள்வி. பதங்களில் பல தெலுங்கு. அவற்றைக் காத்த பெண்களுக்காக அதே குரலில் கேட்க ஓர் இயக்கம் இல்லை.

இலக்கிய வரலாறு நடத்தும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் நினைவுக்கு வரும். பாடநூல்கள் பலவற்றில் ஒரு காலகட்டத்தை முழுதாகச் சொல்லி முடித்த பின், கடைசிப் பத்தியில் 'பெண் கவிஞர்கள்' வருவார்கள். தேர்வுக்கு முன் பாடம் முடியாவிட்டால் மாணவிகளுக்கு நான் விட்டுவிடச் சொல்லும் பத்தியும் அதுவாகவே இருந்திருக்கிறது. கத்தி என் கையிலும் இருந்தது. இப்போது அந்தப் பத்தியில் தொடங்கித்தான் பாடம் எடுக்கிறேன்.