ஊர்ப்பெயரும் நூற்பெயரும்

விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியை அடுத்த வறண்ட நிலப்பகுதியில் வீரசோழன் என்னும் ஊர் உளது. வீரசோழியம் பயிலும் மாணவர், பெயரொற்றுமை கண்டு அந்நூலை இவ்வூரோடு இயைக்க விழைதல் இயல்பே. ஆயின் விழைவு சான்றாகாது.

ஆசிரியர் புத்தமித்திரனார் பொன்பற்றித் தலைவர் என்பதே நூல்வழி அறியப்படுவது. நூற்பெயரோ 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனைச் சார்ந்தது. காவிரியின் கிளையாறொன்றும் வீரசோழன் என வழங்குகின்றது; அதன் கரையையும் நூல் பிறந்த இடமெனக் கொள்ளலாமோ? மன்னர் பெயர் ஊர்க்கும் ஆற்றுக்கும் நூற்கும் தனித்தனியே அமைதல் கூடும்.

பெயராராய்ச்சியினும் பெரும்பயன் தருவது நூலாராய்ச்சியே. எழுத்து முதல் அணி ஈறாக ஐந்திலக்கணமும் ஒருங்கே கூறி, இன்று கிடைக்கும் நூல்களுள் இதுவே பழையது. வேற்றுமையைக் காரக நெறியிலும் அணியைத் தண்டி நெறியிலும் உரைத்தலின், வடமொழிச் சார்பினதெனக் குறைகூறுவர் பலர். சார்பு கூறியமைதல் திறனாய்வு ஆகாது. அந்நெறி தமிழ்த் தொடர்க்கு எங்குப் பொருந்துகின்றது, எங்கு முரணுகின்றது எனச் செய்யுள்தோறும் ஆய்தல் வேண்டும். பெருந்தேவனார் உரையுடன் 1881-இல் சி. வை. தாமோதரம் பிள்ளை பதிப்பித்த பயன் அவ்வாய்வாலேயே நிறைவுறும்.

தம் ஊர்ப்பெயரை நூலிற் காணும் வீரசோழன் மாணவர்க்கு அப்பெயர் நூலுட் புகும் வாயிலாகுக, முடிபாக வேண்டா.