பெஞ்சின் ஓரத்தில் இருந்தவர்கள்

2019 மார்ச் 28 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸில், பால்டிமோர் ஓரியோல்ஸுக்கு எதிராக யாங்கீஸ் பேஸ்பால் அணி தன் சீசனைத் தொடங்கியது. அன்று களமிறங்கிய ஒன்பது பேர்: பிரெட் கார்ட்னர், ஆரன் ஜட்ஜ், ஜியான்கார்லோ ஸ்டான்டன், லூக் வாய்ட், மிகேல் ஆண்டூஹார், கேரி சான்செஸ், கிரெக் பேர்ட், கிளேபர் டோரஸ், டிராய் டுலோவிட்ஸ்கி. இந்த வரிசையை வாசித்தாலே எதிரணிப் பிட்சருக்கு வயிற்றைக் கலக்கும். ஏப்ரல் மாதம் முடிவதற்குள் இவர்களில் ஆறு பேர் காயப் பட்டியலில் இருந்தார்கள். ஸ்டான்டனுக்குக் கைத்தசை, ஆண்டூஹாருக்குத் தோள், டுலோவிட்ஸ்கிக்கும் சான்செஸுக்கும் கெண்டைக்கால், பேர்டுக்குப் பாதம், ஜட்ஜுக்கு விலா ஓரத் தசை. இது போதாதென்று, சீசன் தொடங்குவதற்கு முன்பே லூயிஸ் செவெரீனோ, டெலின் பெட்டான்சஸ், ஆரன் ஹிக்ஸ், டீடி கிரிகோரியஸ் நால்வரும் ஆட முடியாத நிலையில் இருந்தார்கள்.

அந்த ஆண்டு முழுவதையும் சேர்த்தால் 30 வீரர்கள், 39 முறை. காயப் பட்டியலில் அதற்கு முன் எந்த அணியும் எட்டாத எண்ணிக்கை அது. அப்படிப்பட்ட அணி 103 ஆட்டங்களில் வென்றது.

இந்த வெற்றிக்கு மன உறுதி, ஒற்றுமை என்று காரணம் சொல்பவர்கள் உண்டு. பயிற்சியாளர் ஆரன் பூனின் அணியில் ஒலித்த ‘நெக்ஸ்ட் மேன் அப்’ (அடுத்த ஆள் வரட்டும்) என்ற கோஷம் சட்டையில் அச்சாகும் அளவுக்குப் பரவியது. உறுதி எல்லா அணியிலும் இருக்கிறது. எனக்கு அதைவிட அழகாகத் தெரிவது வேறு: பிப்ரவரியிலும் மார்ச்சிலும் யாருமே கவனிக்காத சின்னச் சின்ன முடிவுகள். பெயர்ப் பட்டியலின் மேல் பாதியைப் பணத்தால் நிரப்பிவிடலாம். கீழ்ப் பாதியை நிரப்பக் கண் வேண்டும். பேஸ்பாலை ரசிக்கிறவன் ஒரு அணியின் தரத்தை அந்தக் கீழ்ப் பாதியில்தான் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆறு மாதத்தில் 162 ஆட்டங்கள், கிட்டத்தட்ட தினமும் ஒன்று. ஆட்டத்தின் நடுவே ஒருவரை வெளியே எடுத்தால் அன்றைக்கு அவர் திரும்ப வர முடியாது. அப்போதைய விதிப்படி களத்துக்குரிய பட்டியலில் 25 பேர். பிட்சர்கள் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் பெஞ்சில் மிஞ்சுவது மூன்று நான்கு பேர்தான். இதற்கு அப்பால் அணியின் உரிமையில் மொத்தம் 40 பேர். மீதிப் பேர் பெரும்பாலும் கீழ்நிலை அணிகளில், குறிப்பாக டிரிபிள்-ஏ மட்டத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள். யாங்கீஸுக்கு அந்த இடம் பென்சில்வேனியாவின் ஸ்கிரான்டன், பிராங்க்ஸிலிருந்து இரண்டு மணி நேரக் கார்ப் பயணம். ஒரு வீரரை மூன்று சீசன்கள் வரை மேலும் கீழுமாக மாற்றிக்கொள்ளலாம். இதை ஆப்ஷன் என்பார்கள். அது தீர்ந்தவரைக் கீழே அனுப்ப முனைந்தால், மற்ற 29 அணிகளில் எதுவும் அவரைத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆகவே பெஞ்சின் கடைசி இடத்தை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி திறமையோடு நிற்பதில்லை. யாரை இழக்கத் துணிவது, யாரை இரண்டு மணி நேரத் தொலைவில் வைத்திருப்பது என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது.

ஏப்ரலில் ரசிகனின் புலம்பல் முழுவதும் இந்தக் கணக்கைச் சுற்றித்தான். அந்த ஆண்டு எங்கள் புலம்பலுக்குப் போதுமான காரணங்கள் இருந்தன. குளிர்காலத்தில் நாங்கள் ஆசைப்பட்டது மேனி மச்சாடோவை. அவர் பத்து ஆண்டு, 30 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சான் டியேகோவுக்குப் போய்விட்டார். அதற்கு முன்பே, ஜனவரியில், எங்கள் அணி இரண்டு ஆண்டு, 2.4 கோடி டாலருக்கு டி.ஜே. லெமேயூவை எடுத்திருந்தது. இரண்டாம் பேஸ்காரர்; அங்கே ஏற்கெனவே டோரஸ் இருந்தார். கொலராடோவில் ஆடி 2016இல் .348 சராசரியோடு நேஷனல் லீக்கின் பேட்டிங் பட்டத்தை வென்றவர்தான். ஆனால் டென்வரின் மலைக்காற்றில் பந்து தானாகப் பறக்கும் என்பதால் அங்கே அடித்த எண்களை யாரும் முழுசாக நம்புவதில்லை. நிரந்தர இடம் இல்லாத ஒருவருக்கு இவ்வளவு பணமா என்று நாங்கள் கேட்டோம். தொடக்க நாளில் அவர் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார்.

மார்ச் கடைசியில் இன்னொரு முணுமுணுப்பு. பெஞ்சின் கடைசி இடம் டைலர் வேடுக்கு என்று எல்லோரும் நினைத்திருந்தோம்; அவரும் நினைத்திருந்தார். ஆனால் அணி கொலராடோவிலிருந்து மைக் டாக்மன் என்ற, பலரும் கேள்விப்பட்டிராத அவுட்ஃபீல்டரைக் கொண்டுவந்தது. பதிலுக்குக் கொடுத்தது கீழ்நிலையில் இருந்த ஒரு இடக்கை பிட்சரை. வேட் ஸ்கிரான்டனுக்குப் போனார். தன் ஏமாற்றத்தைப் பத்திரிகையாளர்களிடம் ஒளிக்கவும் இல்லை. நியாயம் அவர் பக்கம் என்றுதான் பட்டது. முதல் ஆறு ஆட்டங்களில் ஓரியோல்ஸிடம் இரண்டு, டெட்ராய்ட் டைகர்ஸிடம் இரண்டு என்று சொந்த மைதானத்திலேயே தோற்றபோது கோபம் தலைக்கேறியது. அந்த இரண்டு அணிகளும் சீசன் முடிவில் நூறுக்கும் மேற்பட்ட தோல்விகளோடு அடியில் கிடந்தவை.

காயங்கள் அணியைக் காலிசெய்யத் தொடங்கின. அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டிய ஆட்டம் தொடங்கியது.

லெமேயூ பேட் பிடித்து நிற்பதை மட்டுமே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆறடி நாலங்குல உயரம். அந்த உயரத்துக்காரர்கள் பெரும்பாலும் பந்தை முன்னாலேயே சந்தித்து இடப்பக்கமாகத் தூக்கி வீசத்தான் பார்ப்பார்கள். இவர் அவசரப்பட மாட்டார். முகத்தில் ஒரு சலனமும் இராது. பந்து தன் உடலுக்குப் பக்கத்தில் வரும்வரை விட்டுவைப்பார். மற்றவர்களுக்குக் காலம் கடந்துவிட்டது என்று தோன்றும் இடத்தில் பேட்டைத் தட்டையாகக் கொண்டுவந்து வலப்பக்கத்துக்கு அனுப்புவார். யாங்கீ ஸ்டேடியத்தின் வலப்பக்கக் கோட்டில் சுவர் 314 அடியில் இருக்கிறது. அது இடக்கை பேட்டர்களுக்கு வாய்த்த வரம் என்றே காலகாலமாகப் பேச்சு. வலக்கைக்காரரான லெமேயூ அதைத் தன் சொத்தாக்கிக்கொண்டார். கொலராடோவில் வெறும் அவுட்டாகவோ டபிளாகவோ போயிருக்கக்கூடிய அடிகள் இங்கே இருக்கைகளில் விழுந்தன. அவருடைய சுபாவத்தையும் மைதானத்தின் அளவையும் ஒருசேர வைத்துப் பார்த்த யாரோ ஒருவர் அலுவலகத்தில் இருந்திருக்கிறார். அவருக்கு ஒரு ரசிகனாக என் நன்றி.

டோரஸ் ஷார்ட்ஸ்டாப்புக்கு நகர்ந்தார். லெமேயூ இரண்டாம் பேஸுக்கு வந்தார். தேவைப்பட்டபோது மூன்றாம் பேஸ், இன்னொரு நாள் முதல் பேஸ். மூன்றிலும் நேர்த்தி குறையவில்லை. வரிசையில் முதலில் அடிக்கிறவருக்கு முன்னால் பேஸில் ஆட்கள் நிற்பது குறைவு. அந்த இடத்திலிருந்தே பெரும்பாலும் ஆடி 102 ரன்களை உள்ளே கொண்டுவந்தார். .327 சராசரி, 26 ஹோம் ரன். இடமில்லை என்று நாங்கள் சொன்ன மனிதர் மூன்று இடங்களை அடைத்துக் காட்டினார்.

ஆனால் அந்த ஆண்டின் ரத்தினம் ஜியோ உர்ஷேலா. கொலம்பியாவின் கார்ட்டஹேனாவில் பிறந்தவர். கிளீவ்லாந்து, டொராண்டோ இரண்டு அணிகளும் ‘கை நன்றாக இருக்கிறது, பேட் இல்லை’ என்று கைவிட்டவர். அதுவரை அவருடைய சராசரி .225, நான்கு முறை நின்றால் ஒருமுறைகூட முழுசாக இல்லை. 2018 ஆகஸ்டில் யாங்கீஸ் அவரை வெறும் பணம் கொடுத்து வாங்கியபோது அது செய்தியே ஆகவில்லை. ஸ்கிரான்டனில் அங்கிருந்த பயிற்சியாளர்களோடு உட்கார்ந்து, கைகளால் மட்டுமே அடித்துக்கொண்டிருந்ததை மாற்றி, கால்களின் பலத்தை ஸ்விங்குக்குள் கொண்டுவந்தார். அந்த உழைப்பு நடந்தபோது பார்க்கக் கூட்டம் இல்லை.

ஏப்ரல் முதல் வாரத்தில் டுலோவிட்ஸ்கி விழுந்ததும் உர்ஷேலா மேலே வந்தார். முதலில் கண்ணில் பட்டது அவருடைய கைதான். முந்தைய ஆண்டு மூன்றாம் பேஸில் ஆண்டூஹார் நின்றபோது, அந்தப் பக்கம் உருளும் ஒவ்வொரு பந்துக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்ப்போம். பேட்டில் 47 டபிள் அடித்த அந்த இளைஞருக்குக் கையுறை கைகொடுக்கவில்லை. உர்ஷேலாவிடம் பந்து போனால் சிரிப்பு வரும். மெதுவாக உருண்டுவரும் பந்துக்கு ஓடிவந்து, வெறுங்கையால் அள்ளி, நிமிராமலே முதல் பேஸுக்கு விடுவார். கோட்டோரம் பாய்ந்து விழுந்து பிடித்தால், முழங்காலில் இருந்தபடியே எறிவார். கையுறையிலிருந்து பந்து கைக்கு மாறுவது கண்ணுக்குத் தெரியாது; அந்த அரை நொடி மிச்சத்தில்தான் ஓடுகிறவன் அவுட் ஆகிறான்.

பேட்டும் பேசத் தொடங்கியது. மே 7 அன்று சியாட்டிலுக்கு எதிராக, கடைசி இன்னிங்ஸில் இரண்டு ரன் பின்தங்கியிருந்தபோது உர்ஷேலா இரண்டு ரன் ஹோம் ரன் அடித்துச் சமன்செய்தார். அதே இன்னிங்ஸில் லெமேயூவின் சிங்கிள் வெற்றி ரன்னைக் கொண்டுவந்தது. 5-4. தொடக்க நாள் வரிசையில் இல்லாத இரண்டு பேர் சேர்ந்து முடித்த ஆட்டம் அது. சீசன் முடிவில் உர்ஷேலாவின் சராசரி .314, ஹோம் ரன் 21.

டாக்மனும் தன் இடத்துக்கு நியாயம் செய்தார். ஏப்ரல் 16 அன்று பாஸ்டன் ரெட் சாக்ஸை 8-0 என்று துவைத்த இரவில், ஜேம்ஸ் பாக்ஸ்டன் எட்டு இன்னிங்ஸில் 12 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். டாக்மன் தன் வாழ்வின் முதல் மேஜர் லீக் ஹோம் ரனை அடித்தார். வேடுக்காகப் புலம்பிய நானும் எழுந்து நின்று கைதட்டினேன். கேமரன் மேபினைக் கிளீவ்லாந்தின் கீழ்நிலை அணியிலிருந்து ஏப்ரல் கடைசியில் பணம் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். 2007இல் இருபது வயதில், இதே பிராங்க்ஸில், ராஜர் கிளெமென்ஸின் பந்தில் தன் முதல் ஹோம் ரனை அடித்தவர் அவர். பன்னிரண்டு ஆண்டு அலைந்து அதே ஊருக்கு வந்து .285 சராசரியோடு ஆடினார். டக்அவுட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் கட்டிப்பிடிப்பதற்கென்றே பிறந்த மாதிரி இருப்பார். தைரோ எஸ்ட்ராடா 2018 தொடக்கத்தில் வெனிசுவேலாவில் கொள்ளையர்களால் இடுப்பில் சுடப்பட்டவர். அவரும் அந்த ஏப்ரலில்தான் முதல்முறை மேலே வந்தார்.

இத்தனையும் பேட் பிடிக்கிறவர்கள் பக்கம். இதே கண்ணை நிர்வாகம் பிட்சர்கள் பக்கம் ஏன் திருப்பவில்லை என்பதுதான் என் தீராத மனக்குறை. செவெரீனோ செப்டம்பரில் திரும்பி மூன்றே ஆட்டம் தொடங்கினார். பெட்டான்சஸ் செப்டம்பரில் டொராண்டோவில் முதல்முறை வந்தார். இரண்டு பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். பந்து வீசும் மேட்டிலிருந்து இறங்கியபோது குதிகால் தசைநார் கிழிந்து அத்தோடு அவருடைய ஆண்டு முடிந்தது. ஆகஸ்ட் 15 அன்று கிளீவ்லாந்திடம் 19-5 என்று தோற்ற இரவில், கடைசி இரண்டு இன்னிங்ஸுக்குப் பந்து வீச அனுப்பப்பட்டவர் முதல் பேஸ்காரரான மைக் ஃபோர்ட். ஜூலை 31, வீரர்களை வர்த்தகம் செய்வதற்கான கெடு கடந்தபோது, ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டிங் பிட்சர் என்று சொல்லும்படியான ஒருவர்கூட வரவில்லை. ஆழம் ஒரு பக்கம் மட்டும் இருந்தது.

அக்டோபரில் அந்தக் குறை வெளிப்பட்டது. அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், ஹூஸ்டன். தோற்றால் வீட்டுக்கு. தொடங்க ஒரு முழு ஸ்டார்ட்டர் இல்லாமல், வழக்கமாக நடுவில் வந்து வீசும் ரிலீவரான சாட் கிரீனைத் தொடங்கவைத்து, ஆளாளுக்கு ஓரிரு இன்னிங்ஸ் என்று பங்குபோட்டார்கள். முதல் இன்னிங்ஸிலேயே யூலி குரியேல் மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார்.

நான்காவதில் உர்ஷேலா ஒரு ஹோம் ரன் அடித்தார். ஒன்பதாவதில் 4-2 என்று பின்தங்கியபோது சிங்கிள் அடித்து பேஸில் நின்றவரும் உர்ஷேலாதான். பிறகு பேட் பிடிக்க வந்தவர் லெமேயூ, எதிரே பந்து வீசியவர் ராபெர்ட்டோ ஒசூனா. பந்துக்குப் பின் பந்தாக வெளியே தட்டிவிட்டுத் தட்டிவிட்டு, பத்தாவது பந்தை வழக்கம்போல் உடலருகே வரவிட்டு வலப்பக்கம் அனுப்பினார். தாவிய கையுறைக்குச் சற்றே மேலாகப் பந்து சுவரைக் கடந்தது. 4-4. அன்று அணி எடுத்த நான்கு ரன்னில் மூன்று இந்த இருவரின் பேட்டிலிருந்து வந்தது. அதே ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப் பாதியில் ஹோசே அல்டூவே, அரோல்டிஸ் சாப்மனின் பந்தை இடப்பக்கம் அனுப்பி முடித்துவைத்தார். 6-4.

டிசம்பரில் அணி கெரிட் கோலை ஒன்பது ஆண்டு, 32.4 கோடி டாலருக்கு எடுத்தது. நாங்கள் கேட்டதற்கு மேலேயே கொடுத்துவிட்டார்கள். ஆனால் பிப்ரவரியிலேயே பாக்ஸ்டனுக்கு முதுகில் அறுவை, அதே மாதக் கடைசியில் செவெரீனோவுக்கு முழங்கையில் அறுவை. கோலுக்குப் பின்னால் நான்காவது, ஐந்தாவது பிட்சர் யார் என்று நாங்கள் மறுபடி ஸ்கிரான்டன் பட்டியலைத் திறந்து, பெயர் தெரியாத இளைஞர்களின் எண்களைப் படிக்க ஆரம்பித்தோம்.