சறுக்கலின் ருசி

தமிழில் 'சறுக்கல்' நல்ல வார்த்தை கிடையாது. கட்சிக்குத் தேர்தலில் சறுக்கல், நடிகருக்கு மார்க்கெட்டில் சறுக்கல். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதுகூட ஆறுதலுக்குச் சொல்வதுதான். அந்தச் சொல்லோடு 'பனி'யை ஒட்டி ஒரு விளையாட்டுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். பனியும் நமக்குக் குழப்பம்தான். மார்கழிக் காலையில் காஞ்சிபுரத்து ஓட்டுக்கூரையில் இறங்கும் ஈரமும் பனி, குல்மார்கில் இடுப்பளவு கிடக்கும் வெண்மையும் பனி. பழகாத இந்த வெண்மைக்கு நமக்கு அர்த்தம் சொல்லிக்கொடுத்தது சினிமா. என் பிராது அதன்மேல்தான்.

ஸ்ரீதரின் 'தேன் நிலவு' (1961) காஷ்மீருக்கே போய் எடுத்த படம். அதில் ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் தால் ஏரியில் நீர்ச்சறுக்கு செய்வார்கள். இன்றைக்குப் பார்த்தாலும் அந்தக் காட்சியில் உடம்பு இருக்கிறது: கயிற்றின் இழுப்பு, முழங்காலின் வளைவு, விழுந்துவிடுவார்களோ என்ற பதைப்பு. பின்னால் வந்த பெரும்பாலான பனிப் பாடல்களில் அது காணாமல்போனது. ஹீரோ ஜாக்கெட்டில், ஹீரோயின் மெல்லிய சேலையில், பின்னால் ஏதோ ஒரு மலை. 'ரோஜா' (1992) காஷ்மீர்க் கதை. அன்றைய சூழலில் அங்கே போக முடியாமல் மணாலியிலும் நீலகிரியிலும் எடுத்தார்கள். யாருக்கும் உறுத்தவில்லை. ஒரு மலை இருந்த இடத்தில் இன்னொன்றை வைத்தும் ஒன்றும் குறையவில்லை என்றால், நாம் பார்த்தது ஸ்டுடியோ படுதாவைத்தான்.

சறுக்குகிறவரிடம் இந்த மாற்று செல்லாது. குல்மார்கில் பிரிட்டிஷ்காரர்கள் 1927லேயே ஸ்கி கிளப் வைத்தார்கள். 2005இல் ரோப்காரின் இரண்டாம் கட்டம் வந்தபின் அஃபர்வட் மலையில் 3,900 மீட்டருக்கு மேலே போய் இறங்கலாம். அங்கிருந்து கீழே வர ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான இறக்கம். மேல்சரிவில் பெரும்பாலும் எந்திரம் ஓட்டிச் சமன்செய்த பாதை கிடையாது, விழுந்த பனி விழுந்தபடி கிடக்கும். காலையில் மாவாக இருப்பது வெயில் பட்டு மதியம் பொருக்குத் தட்டிவிடும். காற்று ஒரு பக்கத்தைச் சுரண்டி இன்னொரு பக்கம் குவிக்கும். பனிச்சரிவு அபாயம் இருந்தால் சரிவையே மூடிவிடுவார்கள். நேற்று இறங்கிய தடம் இன்று உதவாது.

இதில் முதலில் கற்பது ஒரு விநோதமான பாடம். பயத்தில் உடம்பு தானாக மலைப்பக்கம் சாயும். சாய்ந்தால் போச்சு, காலில் கட்டிய பலகை நம் பேச்சைக் கேட்காது. பள்ளத்தைப் பார்த்து முன்னால் சாய்ந்து, கீழ்ப்பக்கக் காலில் எடையை வைத்தால்தான் திரும்ப முடியும். விழப்போகும் திசைக்கு உடம்பை ஒப்புக்கொடுப்பதில்தான் கட்டுப்பாடே இருக்கிறது. பெரிய மலைக்குத் திரும்பத் திரும்பப் போகிறவர்களை இழுப்பது இதுதான் என்று நினைக்கிறேன். வேகமோ வியூவோ அதற்கு அப்புறம்தான்.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இது புரியாத விஷயமில்லை. 2019இல் அத்திவரதர் 48 நாள் எழுந்தருளியபோது ஊரே கொள்ளாத கூட்டம். நாற்பது வருஷத்துக்கு ஒருமுறை என்பதே அந்த ஈர்ப்பு. கூட்டம் வடிந்தபிறகும் அதே பிரகாரத்தைத் தினமும் சுற்றுகிறவர் இருக்கிறார். எந்தக் கல் எத்தனை மணிக்குச் சுடும் என்று அவர் பாதத்துக்குத் தெரியும். ரோப்காரில் ஏறி ஒருவாட்டி போட்டோ எடுத்துப்போகிறவரைக் கிண்டல் பண்ண எனக்கு விருப்பமில்லை. குதிரைக்காரருக்கும் ஸ்லெட்ஜ் இழுப்பவருக்கும் அவர்தான் வருமானம். சறுக்குவதும் காசுள்ளவர்களின் பொழுதுபோக்குதான். ஆனால் படுதா பார்வைக்கு ஒரு விலை உண்டு. 'பட்டும் கோயிலும்' என்ற போஸ்ட்கார்டுக்குள் நெசவாளியின் கூலியும் முதுகுவலியும் தெரியாமல்போன ஊர் எங்களுடையது.

2024 ஜனவரியில் குல்மார்க் பனியில்லாமல் பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகளைப் பனி போதாமல் தள்ளிவைத்தார்கள். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரரான ஆரிஃப் கான் இந்தச் சரிவுகளில் பழகியவர். பனி இல்லையென்றால் ஷூட்டிங் யூனிட் வேறு நாட்டுக்கு டிக்கெட் போட்டுவிடும். அங்கேயே சறுக்கக் கற்ற பையன் எங்கே போவான்? அவனை நடுவில் வைத்து ஒரு தமிழ்ப் படம் வந்தால், அந்தப் பனியில் யாரும் டூயட் பாட வேண்டாம். பலகை பொருக்கை உரசுகிற சத்தத்தை மட்டும் ஒழுங்காகப் பதிவுசெய்தால் போதும்.